டியேகோ கார்சியாவில் கரை சேர்ந்த தமிழர்கள்: இறையாண்மைத் தகராறும் தேசப் பாதுகாப்பும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2021 அக்டோபர் 3ஆம் நாள், கனடாவை நோக்கிப் புறப்பட்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு, இந்தியப் பெருங்கடலின் நடுவே நீர் புகுந்து தத்தளித்த நிலையில், பிரிட்டன் கப்பலின் துணையோடு டியேகோ கார்சியா தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் இருந்த இலங்கைத் தமிழர்கள் 89 பேர். அவர்களுள் 20 பேர் குழந்தைகள். கடலில் தவிப்போரைக் காப்பாற்றுவது கடல் சட்டத்தின் முதல் கடமை. அது அன்று நிறைவேற்றப்பட்டது. ஆனால் காப்பாற்றப்பட்டவர்கள் இறங்கிய நிலம் இருவகையில் அசாதாரணமானது. அதன் இறையாண்மை யாருடையது என்பதில் பிரிட்டனுக்கும் மொரீசியஸுக்கும் இடையே பல பத்தாண்டுகளாகத் தகராறு நிலவியது. மேலும், அங்கே அமெரிக்கா தன் மிக முக்கியமான கடல்கடந்த படைத்தளங்களுள் ஒன்றை நடத்தி வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள், சில வாரங்களில் தீர்ந்திருக்க வேண்டிய ஒரு கேள்விக்கு விடை கிடைக்காமல், மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலியிட்ட முகாமில் இருந்தனர்.

தீவுத் தகராறுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வரைபடம், கப்பல் தடம், தளம், குத்தகைத் தொகை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அகதிகள் சட்டத்தில் பணியாற்றுவோரும் பாதுகாப்புக் கொள்கையைக் கவனிப்போரும் ஒருசேரப் படிக்க வேண்டிய நிகழ்வு இது என்று கருதியே இங்கே முதலிலிருந்து முடிவுவரை பதிவு செய்கிறேன். முகாமில் இருந்தவர்களின் பெயரோ அடையாளமோ இதில் இல்லை. அவர்களுள் பலருக்கு இலங்கையில் இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

பின்னணி: ஆளில்லாப் பிரதேசம் ஆக்கப்பட்ட விதம்

இந்தியாவின் தென்முனையிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர் தெற்கே கிடக்கும், டியேகோ கார்சியாவை உள்ளடக்கிய சாகோஸ் தீவுக்கூட்டம், 1814ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி மொரீசியஸோடு சேர்த்துப் பிரான்ஸிடமிருந்து பிரிட்டனுக்குக் கைமாறியது. தென்னந்தோட்டங்களில் வேலை செய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோரும், பின்னாளில் இந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களின் வழிவந்தோரும் அங்கே ஒரு சமூகமாக வாழ்ந்தனர். 1965 நவம்பர் 8ஆம் நாள், மொரீசியஸ் விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் இருக்கும்போது, பிரிட்டன் இந்தத் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து பிரித்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்னும் புதிய குடியேற்றப் பகுதியை உருவாக்கியது. இதற்காக மொரீசியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபை, மொரீசியஸின் நில ஒருமைப்பாட்டைக் குலைக்கும் எந்த நடவடிக்கையும் கூடாது என்று தன் 2066ஆம் தீர்மானத்தில் கேட்டுக்கொண்டது. அந்தக் குரல் பொருட்படுத்தப்படவில்லை.

1966 டிசம்பர் 30ஆம் நாள் பிரிட்டனும் அமெரிக்காவும் கடிதப் பரிமாற்றம் மூலம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தீவுகள் 50 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டன. பதிலுக்கு, பொலாரிஸ் ஏவுகணை வாங்குவதில் பிரிட்டன் செலுத்த வேண்டியிருந்த தொகையில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை தள்ளுபடி ஆனது. 1967 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில், தீவுகளில் இருந்த மக்கள் அனைவரும் மொரீசியஸுக்கும் செஷல்ஸுக்கும் அகற்றப்பட்டனர். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று காட்டினால் நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லை என்று ஐ.நா.விடம் சொல்லிவிடலாம் என அதிகாரிகள் அந்நாளில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் பின்னர் வெளியே வந்தன.

இந்த வரலாற்றை இங்கே சொல்வது அனுதாபத்துக்காக மட்டும் இல்லை. 2004ஆம் ஆண்டு அரசாணை மூலம் இப்பிரதேசத்துக்கு இயற்றப்பட்ட அரசமைப்பு, பிரதேசம் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு அரசுகளின் பாதுகாப்புத் தேவைகளுக்காக ஒதுக்கப்பட்டிருப்பதால், அங்கே வசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 1971ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தை லண்டன் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்று தீர்ப்பளித்து, சாகோஸ் மக்கள் திரும்புவதற்கு வழி பிறந்தது போலத் தோன்றிய வேளையில், அந்த வழியை மீண்டும் அடைப்பதற்காக வந்த ஆணை அது. 2008இல், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை நிலைநிறுத்தினர். ஆக, 2021இல் அந்தப் படகு வந்து சேர்ந்தபோது அத்தீவின் சட்டம் முழுவதும் மனிதர்கள் இருக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது. அங்கே பள்ளி இல்லை, புகலிடச் சட்டம் இல்லை, அன்றாடம் கூடும் நீதிமன்றம் இல்லை. பிரதேசத்தின் ஆணையரே லண்டனில் வெளியுறவுத் துறையில் அமர்ந்திருப்பவர்.

படகு வந்தபோது இறையாண்மைத் தகராறு எந்த நிலையில் இருந்தது

2019 பிப்ரவரி 25ஆம் நாள் சர்வதேச நீதிமன்றம், 1968இல் மொரீசியஸ் விடுதலை பெற்றபோது அதன் குடியேற்ற நீக்கம் சட்டப்படி நிறைவடையவில்லை என்றும், சாகோஸ் மீதான நிர்வாகத்தைப் பிரிட்டன் இயன்றவரை விரைவாக முடித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது என்றும் ஆலோசனைக் கருத்து வழங்கியது. பதினான்கு நீதிபதிகளுள் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அதே ஆண்டு மே மாதம் பொதுச்சபை 116 வாக்குகளுக்கு எதிராக 6 என்ற கணக்கில், ஆறு மாதங்களுக்குள் பிரிட்டன் விலக வேண்டும் என்று கோரியது. 56 நாடுகள் நடுநிலை வகித்தன. 2021 ஜனவரியில் கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, மொரீசியஸுக்கும் மாலத்தீவுக்கும் இடையிலான எல்லை வழக்கில், சாகோஸ் மீதான மொரீசியஸின் இறையாண்மை அந்தக் கருத்திலிருந்தே பெறப்படத்தக்கது என்ற நிலையை எடுத்தது. பிரிட்டன் இவற்றுள் எதையும் தன்னைக் கட்டுப்படுத்துவதாக ஏற்கவில்லை. தளம் உலகப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பதே அதன் நிலையான மறுமொழி.

சுமார் எட்டு மாதங்கள் கழித்துப் படகு வந்தது. நிலத்தின் உரிமை கேள்விக்குள்ளாகி இருக்கும் நேரத்தில், அந்நிலத்தில் புகலிடம் கோருவோரின் பொறுப்பை ஓர் அரசு தயக்கமின்றி ஏற்பது கடினம். ஏற்றால், அடுத்தடுத்து வருவோருக்கு அது முன்மாதிரியாகிவிடும். மறுத்தால், உரிமை கொண்டாடும் நிலத்தில் கடமையை மட்டும் மறுக்கும் அரசாகிவிடும். லண்டன் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழியைத் தேடியது.

முகாமில் காணப்பட்டவை

வந்தவர்களுள் பலர் இலங்கையில் போருக்குப் பிந்தைய துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறியவர்கள். சிலர் தமிழ்நாட்டில் அகதிகளாக வாழ்ந்தவர்கள். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. அங்கே தலைமுறை கடந்தும் நிரந்தர நிலை கிடைக்காத தவிப்பு தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. கனடாவில் உறவுகளும் சமூகமும் இருக்கின்றன. ஒரு மீன்பிடிப் படகில் அத்தனை பெரிய கடலைக் கடக்கத் துணிந்ததன் பின்னணி இதுவே.

தீவில் அவர்களுக்கென்று கூடாரங்களைக் கொண்ட ஒரு முகாம் அமைக்கப்பட்டது. பரப்பளவில் ஏறத்தாழ ஒரு கால்பந்துத் திடலை ஒத்த அந்த இடத்தைச் சுற்றி வேலி எழுந்தது. தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் காவல் இருந்தனர். மருத்துவமனைக்கோ வேறு தேவைக்கோ வெளியே செல்வதென்றால் காவலர் துணையோடுதான். குடும்பங்கள் கூடாரத் தடுப்புகளுக்கு இடையே, மறைவென்று சொல்லத்தக்க எதுவுமின்றி வாழ்ந்தன. எலித் தொல்லை கடுமையாக இருந்தது. குழந்தைகள் பள்ளி வயதை எட்டினர். முகாமிலேயே குழந்தைகள் பிறந்தனர். 2022இல் வேறு படகுகளும் வந்தன. அவற்றில் வந்தவர்களுள் சிலர் மீண்டும் கடலில் இறங்கிப் பிரான்ஸின் ரீயூனியன் தீவை அடைந்தனர். சிலர் இலங்கைக்குத் திரும்பினர். எஞ்சியவர்கள் காத்திருந்தனர்.

காலம் செல்லச் செல்ல உண்ணாநிலைப் போராட்டங்களும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் நிகழ்வுகளும், தற்கொலை முயற்சிகளும் நேர்ந்தன. தீவின் மருத்துவ வசதி இதற்குப் போதாது என்ற நிலையில், 2023இல் சிலர் ருவாண்டாவில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. அகதிகள் முகமையின் குழு முகாமைப் பார்வையிட்டது. அங்குள்ள நிலை நியாயமற்ற காவலுக்குச் சமம் என்றும், குழந்தைகள் பாதுகாப்பாக இல்லை என்றும், அனைவரையும் அவசரமாக வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் அது அறிவித்தது. முகாமுக்குள்ளேயே குழந்தைகள் துன்புறுத்தப்பட்ட புகார்களும் அந்தப் பார்வையின்போது முன்வைக்கப்பட்டன. படைத்தளத்தின் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட வேலி, வேலிக்குள் இருந்த குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி எதையும் உறுதி செய்யவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணங்களும்

முதல் முடிவு சட்டம் பற்றியது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இப்பிரதேசத்துக்கு விரிவாக்கப்படவில்லை என்பது பிரிட்டனின் நிலைப்பாடு. ஆயினும், துன்புறுத்தல் காத்திருக்கும் இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சர்வதேச வழக்காற்று நெறியை அது மறுக்கவில்லை. எனவே தீவுக்கென்றே ஒரு தனிப் பரிசீலனை முறை உருவாக்கப்பட்டது. அதன்படி ஒரு கோரிக்கை ஏற்கப்பட்டால் அவரை இலங்கைக்கு அனுப்ப முடியாது. அதே சமயம், பிரிட்டனுக்கும் அழைத்துச் செல்லமாட்டார்கள். பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒன்று தேடப்படும். அப்படிப்பட்ட நாடு எது என்பதற்கு ஆண்டுக்கணக்கில் விடை கிடைக்கவில்லை. இதனால் ஒரு விந்தையான நிலை உருவானது: வழக்கில் தோற்றவர் திரும்பிப் போக வேண்டியவராகவும், வென்றவர் எங்கும் போக முடியாதவராகவும் ஆயினர்.

இரண்டாம் முடிவு அடைத்து வைப்பது. தீவில் இருப்பது உயர்பாதுகாப்புத் தளம். 1991 வளைகுடாப் போரிலும், 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானிலும், 2003இல் ஈராக்கிலும் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட ஓடுதளம் அங்கே இருக்கிறது. எனவே அடையாளம் உறுதி செய்யப்படாதவர்கள் உலவ இடம் கொடுக்க முடியாது என்பது காரணம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. படைத்தளத்துக்குள் பொதுமக்கள் விருப்பம்போல் நடமாட முடியாது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், முதல் மாதத்தில் நியாயமாக இருந்த ஒரு கட்டுப்பாடு முப்பதாவது மாதத்திலும் அதே நியாயத்தோடு நிற்கிறதா என்று கேட்கும் பொறுப்பு எந்த அலுவலகத்திலும் இருக்கவில்லை. அடையாளம் தெரிந்த பிறகும், வாக்குமூலம் பெற்ற பிறகும், குழந்தைகள் குழந்தைகளே என்று தெரிந்த பிறகும் வேலி அப்படியே இருந்தது.

மூன்றாம் முடிவு எழுத்தில் அதிகம் வராதது. விளைவில் எல்லாவற்றையும் விடப் பெரியது. இவர்களைப் பிரிட்டனுக்கு அழைத்து வந்தால் டியேகோ கார்சியா வழியாகப் புதிய கடல்வழி திறந்துவிடும் என்ற அச்சம், மற்ற எல்லா வழிகளையும் தள்ளிப்போட வைத்தது. அச்சத்தை முற்றிலும் ஆதாரமற்றது என்று ஒதுக்க முடியாது. 2022இல் வேறு படகுகள் வந்தது உண்மை. ஆனால் பிறரைத் தடுப்பதற்காக, வந்து சேர்ந்துவிட்ட ஒரு குழந்தையை மூன்று ஆண்டுகள் கூடாரத்தில் வைத்திருப்பதை எந்தப் பாதுகாப்புக் கோட்பாடும் நியாயப்படுத்தாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆக்ரோத்திரி: ஏற்கெனவே கிடைத்திருந்த அனுபவம்

இந்நிலை பிரிட்டனுக்குப் புதிதன்று என்பதால் இதைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது. 1998 அக்டோபரில் 75 பேரோடு ஒரு படகு, சைப்ரஸில் பிரிட்டன் தன் இறையாண்மையில் வைத்திருக்கும் ஆக்ரோத்திரி விமானப்படைத் தளத்தின் கரையில் ஒதுங்கியது. அவர்களுள் அகதிகள் என்று ஏற்கப்பட்ட குடும்பங்கள்கூடப் பிரிட்டனுக்குள் அனுமதிக்கப்படாமல், சைப்ரஸில் உள்ள மற்றொரு பிரிட்டன் தளமான டெக்கேலியாவின் பழைய குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து பெரியவர்கள் ஆயினர். 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அகதிகள் உடன்படிக்கை அத்தளங்களுக்கும் பொருந்தும் என்று கூறிய பின்னரே, அந்த ஆண்டின் இறுதியில் ஆறு குடும்பங்களுக்கு நுழைவு கிடைத்தது. இருபது ஆண்டுகள் ஆயின. அந்த வழக்கு முடிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில் டியேகோ கார்சியாவுக்குப் படகு வந்தது. கடல்கடந்த தளங்களில் அகதிகள் கரையேறினால் செய்ய வேண்டியது என்ன என்று அந்த இடைவெளியில் யாரேனும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், பின்னர் நடந்தவற்றுள் பாதி நேர்ந்திருக்காது.

நீதிமன்றம் தீவுக்குப் போனது

தாங்கள் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டுள்ளதாக முகாமில் இருந்தவர்கள் லண்டன் வழக்கறிஞர்கள் மூலம் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அந்த நீதிமன்றம் பெரும்பாலும் லண்டனில் கூடுவது. ஆனால் பிரதேசத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாத இடங்களில், அங்குள்ள சூழலுக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கிலாந்துச் சட்டமே பொருந்தும் என்பது பிரதேசத்தின் விதி. சட்டத்தின் அடிப்படை இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கக் கூடாது என்ற பழைய ஆங்கில மரபு, இந்த வழியாக அத்தீவை எட்டியது. மனிதர்களை எதிர்பார்க்காத ஒரு சட்ட அமைப்பில் மனிதர்களுக்கு எஞ்சியிருந்த கதவு இது ஒன்றே.

இடத்தை நேரில் பார்த்து விசாரிப்பதற்காக 2024 ஜூலையில் தீவிலேயே அமர்வு நடத்தத் திட்டமிடப்பட்டது. அமர்வுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், பாதுகாப்புக் காரணங்களைச் சுட்டி அமெரிக்கா தன் ஒப்புதலை விலக்கிக்கொண்டது. அதன் விமானத்தில்தான் பயணம். அதன் விடுதியில்தான் தங்கல். அவை இல்லாமல் நீதிபதியோ வழக்கறிஞர்களோ அங்கே செல்ல வழியில்லை. அமர்வு நின்றது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். சாகோஸ் மீதான இறையாண்மையைப் பிரிட்டன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஐ.நா.விலும் ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்திலும் விடாமல் வலியுறுத்தி வந்தது. ஆனால் தன் சொந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் தன் சொந்தப் பிரதேசத்தில் கூடுவதற்கு வேறொரு நாட்டின் படை இசைய வேண்டியிருந்தது. நீதி வழங்க முடியாத இடத்தில் ஓர் அரசின் இறையாண்மை எவ்வளவு முழுமையானது என்ற கேள்வியை மொரீசியஸின் வழக்கறிஞர்கள் எழுப்பவில்லை. அகதிகளின் வழக்கே எழுப்பிவிட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் கடும் நிபந்தனைகளோடு 2024 செப்டம்பரில் அமர்வு தீவில் நடைபெற்றது. நீதிபதி முகாமை நேரில் பார்த்தார்.

ஆணையர் தரப்பு, முகாமில் இருந்தவர்கள் சட்டவிரோதக் காவலில் இல்லை என்று வாதிட்டது. பொறுப்பு நீதிபதி மார்கரெட் ஓபி 2024 டிசம்பர் 16ஆம் நாள் அளித்த தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. சிறையில் இருப்பதாக மனுதாரர்கள் உணர்வதில் வியப்பில்லை என்றும், பெயர் ஒன்றைத் தவிர அந்த முகாம் உண்மையில் சிறையே என்றும் அவர் முடிவு செய்தார். அவர்கள் மூன்று ஆண்டுகள் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டிருந்தனர் என்பது தீர்ப்பு.

தீர்ப்பைப் படிக்கும் பாதுகாப்புத் துறையினர் சிலர், நீதிமன்றம் தளத்தின் பாதுகாப்பை இலேசாக எடுத்துக்கொண்டது என்று எண்ணக்கூடும். அப்படி எண்ணுவது பிழை. தளத்துக்கு உண்மையான பாதுகாப்புத் தேவைகள் உண்டு என்பது மறுக்கப்படவில்லை. தேவை உண்டு என்பதிலிருந்து, எந்த அளவுக் கட்டுப்பாடும் சட்டபூர்வமானது என்ற முடிவு தானாக வந்துவிடாது என்பதே இந்த வழக்கு காட்டுவது. இதே தீவைப் பற்றி இன்னொரு நிகழ்வையும் நினைவில் கொள்ள வேண்டும். பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்களைக் கொண்டு சென்ற அமெரிக்க விமானங்கள் டியேகோ கார்சியாவில் இறங்கவில்லை என்று பிரிட்டன் பலமுறை உறுதி கூறி வந்தது. 2002இல் இரண்டு விமானங்கள் இறங்கியிருந்தன என்று 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அமெரிக்கா தந்த உறுதிமொழியை நம்பியதே அந்தத் தவற்றுக்குக் காரணம். பாதுகாப்பின் பெயரால் சொல்லப்படுவதை நேரில் சோதிக்காமல் ஏற்பது, சொல்பவர் நேர்மையானவராக இருந்தாலும், ஓர் அரசைத் தன் நாடாளுமன்றத்தின் முன் பொய் சொன்ன நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

விளைவு

தீர்ப்புக்கு முன்பே நிலைமை அசையத் தொடங்கியிருந்தது. 2024 இலையுதிர்காலத்தில், முகாமில் இருந்தவர்களை ருமேனியாவில் உள்ள ஐ.நா. மையம் ஒன்றில் சில மாதங்கள் தங்க வைத்துப் பின்னர் பிரிட்டனுக்கு மாற்றும் திட்டம் முன்வைக்கப்பட்டது. நவம்பரில் அது கைவிடப்பட்டு, பெரும்பாலோர் நேரடியாகப் பிரிட்டனுக்கு வர அனுமதிக்கப்பட்டனர். குற்றத் தீர்ப்பு பெற்றவர்களும் விசாரணைக்கு உள்ளானவர்களுமான மிகச் சிலர் இதில் சேர்க்கப்படவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் குடும்பங்கள் லண்டன் வந்து சேர்ந்தன. இது மிக அரிதான சூழலுக்கு ஒரேயொரு முறை செய்யப்படும் ஏற்பாடு என்று அரசு விளக்கியது.

இனி வரக்கூடியவர்களுக்கென இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. மொரீசியஸுடனான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு, பொறுப்பு மொரீசியஸுடையது. அதுவரையிலான இடைக்காலத்தில் வருவோர், அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பிரிட்டனின் செயின்ட் ஹெலினா தீவுக்கு மாற்றப்படுவர். இதற்காக அத்தீவுக்கு 66 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஒரு தொலைதூரத் தீவில் எழுந்த சிக்கலுக்கு இன்னொரு தொலைதூரத் தீவு விடையாக்கப்பட்டது.

இறையாண்மை உடன்படிக்கை மாற்றியதும் மாற்றாததும்

2022 நவம்பரில் தொடங்கிய பேச்சுவார்த்தை, 2024 அக்டோபர் 3ஆம் நாள் அரசியல் உடன்பாடாக அறிவிக்கப்பட்டு, 2025 மே 22ஆம் நாள் உடன்படிக்கையாகக் கையெழுத்தானது. சாகோஸ் முழுவதன் இறையாண்மையும் மொரீசியஸுக்கு. டியேகோ கார்சியாவில் தளம் 99 ஆண்டுகளுக்குத் தொடரும். அதற்குச் சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண்டு பிரிட்டன் தரும். தளத்தைச் சுற்றி 24 கடல் மைல் தொலைவுக்குள் பிரிட்டனின் இசைவின்றிக் கட்டுமானம் கூடாது. பிற தீவுகளில் வேற்று நாட்டுப் படைகளுக்கு இடமில்லை. உரிமை இல்லாமலேயே பாதுகாப்பை உறுதிசெய்துகொள்ள முடியும் என்பதை இந்த விதிகள் காட்டுகின்றன. அப்படியெனில், இறையாண்மையை விட்டுக்கொடுத்தால் தளம் போய்விடும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்கத் தோன்றுகிறது. குத்தகை நிலைக்குமா, பிறருடைய செல்வாக்கு நுழையுமா என்று எதிர்ப்பாளர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துக்கு எதிராக நிற்கும் ஓர் உரிமையின்மேல் தளத்தை வைத்திருப்பதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை.

கையெழுத்தாக இருந்த நாளின் அதிகாலையில், தீவில் பிறந்த சாகோஸ் பெண்கள் இருவரின் மனுவின் பேரில் லண்டன் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; சில மணி நேரத்தில் மற்றொரு நீதிபதி அதை நீக்கினார். தங்கள் தாய்மண்ணைப் பற்றிய பேச்சில் தங்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்பதே அவர்களின் குறை. உடன்படிக்கை, டியேகோ கார்சியா தவிர்ந்த பிற தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீசியஸுக்கு உரிமை தருகிறது. சாகோஸ் மக்களுக்கென 4 கோடி பவுண்டு நிதியமும் அதில் உண்டு. டியேகோ கார்சியாவில் மட்டும் அவர்கள் குடியேற முடியாது. 1971இல் வெளியேற்றப்பட்டவர்களுக்கும் 2021இல் வந்து ஒதுங்கியவர்களுக்கும் அத்தீவு சொன்ன பதில் ஒன்றே: இது தளத்துக்கான நிலம்.

மாற வேண்டியவை

கடல்கடந்த பிரதேசங்களைப் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் எந்த அரசும், அங்கே மனிதர்கள் வந்து ஒதுங்குவார்கள் என்று கொண்டு சட்டம் இயற்ற வேண்டும். கடல் தளத்தின் வேலியைப் பார்த்துப் படகுகளைத் திருப்பிவிடாது. அகதிகள் உடன்படிக்கையை அத்தகைய பிரதேசங்களுக்கு விரிவாக்குவதும், புகலிடக் கோரிக்கைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிப்பதும், கோரிக்கை ஏற்கப்பட்டவரை எங்கே அனுப்புவது என்பதை முதலிலேயே தீர்மானித்து வைப்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மூன்று ஆண்டுகள் ஒரு முகாமை நடத்தியதற்கும் வழக்குகளுக்கும் ஆன செலவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

கட்டுப்பாடு விதிக்கும்போது எந்த ஆபத்துக்காக, யார்மேல், எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் பதிவதும், அந்தப் பதிவைத் தளத்தோடு தொடர்பில்லாத ஓர் அதிகாரி மாதந்தோறும் மறுபரிசீலனை செய்வதும் அடுத்த தேவை. பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லின்கீழ், ஆயுதக் கிடங்கை நெருங்கக் கூடாது என்ற நியாயமான தடையும், குழந்தைகள் கடற்கரையில் காவலரின்றி நடக்கக் கூடாது என்ற தடையும் ஒன்றாக அடங்கிவிட்டன. பிரித்து எழுதியிருந்தால் இரண்டாவது தடையின் வெறுமை முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். தளத்தைப் பயன்படுத்தும் நாட்டோடு செய்யும் ஒப்பந்தத்தில், பிரதேசத்தின் நீதிமன்றமும் ஐ.நா. முகமைகளும் உள்ளே வருவதைத் தடுக்க அந்நாட்டுக்கு உரிமை இல்லை என்ற வாசகம் இடம்பெறுவதும் அவசியம்.

மொரீசியஸைப் பொறுத்தவரை, பொறுப்பு கைமாறும்போது பழைய குறையும் சேர்ந்தே கைமாறும் ஆபத்து உள்ளது. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மொரீசியஸும் சேரவில்லை. உடன்படிக்கைப்படி தீவு அதனுடையது, தளத்தின் மீதான அதிகாரம் பிரிட்டனுடையது, ஓடுதளமும் கப்பல் துறையும் அமெரிக்கப் பயன்பாட்டில் இருப்பது என்று மூன்றாகப் பிரியும் ஓர் இடத்தில், அடுத்த படகு வரும்போது மூவரும் மற்ற இருவரைக் கைகாட்ட வழியிருக்கிறது. அதைத் தடுக்க, கரையேறுவோரின் கோரிக்கையைப் பெறும் அதிகாரி யார், அவரை அத்தீவுக்குக் கொண்டுசெல்லும் விமானம் எவருடையது, எத்தனை நாளுக்குள் அவர்கள் தளத்தை விட்டு வெளியே கொண்டுவரப்பட வேண்டும் என்ற மூன்றையும் உடன்படிக்கையின் நடைமுறை விதிகளில் மொரீசியஸ் இப்போதே எழுதிப் பெற வேண்டும்.